வாய் திறக்காத தொண்டர்

மாலைநிழல் முதியோர் இல்லம்,
ஸ்ரீவில்லிபுத்தூர் சாலை,
இராஜபாளையம்.
21-4-1992

அன்பு மகள் இன்பத்துக்கு,

கிருபாபாய் சித்தி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் தயவால் உன் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம் என்று உன் கடிதத்தில் பார்த்துச் சந்தோஷம். ஜாம்ஷெட்பூரில் வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மேற்கே மலை இருந்து என்ன பிரயோசனம், காற்று அதோடு நின்றுவிடுகிறது.

ஈஸ்டர் ஆராதனைக்கு உன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பாட்டுகள் எல்லாம் மனப்பாடம் என்பதால் கண் தெரியாதது ஒரு குறையாகவே இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணில் ஆள் நிழலாகத் தெரிகிறதாம், முகம் தெரியாது. ஆபரேஷன் பேச்சை எடுத்தால் வழக்கம்போல, "பாத்த வரைக்கும் போதும் கிருபா" என்று வாயை அடைக்கிறாள். நீ எழுதியும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை.

இல்லத்தில் கோடைத் தொண்டு தொடங்கிவிட்டது. நமது வார்டன் பால்துரை ஐயா ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவரல்லவா, எங்களையும் பிள்ளைகளைப்போல வகுப்பு பிரித்துவிட்டார். ஓவர்சியராக இருந்தவர் மில் தொழிலாளி பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். எனக்கு இங்கிலீஷ். நடக்க முடிந்தவர்கள் வாசலில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்கிறார்கள். உன் அம்மா சும்மா இருப்பேனா என்று சமையல் சீனியம்மாளிடம் கேட்டு வாங்கி, உட்கார்ந்த இடத்தில் புளிக்குக் கொட்டை எடுக்கிறாள். ஒரு கொட்டை தப்பாது.

இனி நான் எழுத வந்த விஷயம். மாதத் தொடக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். தங்கச்சாமி என்று பெயர். எழுபதை ஒட்டிய வயது இருக்கும். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். "சம்பளம் வேண்டாம், தொண்டு செய்யணும்னு ஆசை, ஒரு வேளைச் சோறு போட்டாப் போதும்" என்று பால்துரை ஐயாவிடம் சொன்னாராம். ஐயாவுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் விடுவாரா? பம்பு செட் அறையில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தண்ணீர் இறைப்பது, பந்தல் பானைகளை நிரப்புவது, கட்டிலுக்குக் கயிறு பின்னுவது என்று மனிதர் ஓயாமல் உழைக்கிறார். எல்லாரும் புகழ்கிறார்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வயதில் சித்திரை வெயிலில் ஒருவன் சும்மா வந்து பானை சுமப்பானா? எதற்கு? வந்த அன்றைக்கே சீனியம்மாளிடம் யார் யார் எந்த அறை என்று கேட்டிருக்கிறார். யாருக்கு யார் பார்க்க வருகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

அதைவிட ஒன்று. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசில் பாதியைக் கழித்தவள். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே மனிதரை எடைபோட்டுப் பழக்கம். இந்த மனிதருக்கு நல்ல கனத்த குரல். எல்லாரோடும் கலகலவென்று பேசுகிறார். ஆனால் உன் அம்மா பக்கத்தில் இருந்தால் ஒரு சொல் வராது. அவள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வழியாகப் போனால் செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். கண் தெரியாதவள் முன்னால் எதற்கு அந்தப் பதுங்கல்?

பால்துரை ஐயாவிடம் சொன்னேன். "நல்ல மனுசர்ம்மா, கூச்ச சுபாவம், விடுங்க" என்று சிரித்தார். நான் விடவில்லை. உன் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு வேறு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். இன்பம், மறைக்காமல் எழுது. அந்தப் பெட்டியில் நகை ஏதும் இருக்கிறதா? சொத்து, வழக்கு என்று யாராவது உன் அம்மாவைத் தேடி வரக் காரணம் உண்டா?

பிள்ளைகளை வெயிலில் விளையாட விடாதே. உடனே பதில் போடு.

உன் நலம் விரும்பும்,
கிருபாபாய் சித்தி.


14-5-1992

அன்பு மகள் இன்பத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டியில் உன் சின்ன வயதுப் பாவாடை ஒன்றும் பைபிளும் தவிர வேறொன்றும் இருக்காது, அப்பா கொழும்பில் காய்ச்சலில் இறந்த பிறகு அம்மா பொட்டுத் தங்கம் வாங்கியதில்லை என்று எழுதியிருந்தாய். சரி, திருட்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. திருடனாக இருந்தால் பூட்டுப் போட்டுத் தடுத்துவிடலாம்.

முதலில் நல்ல சேதி. உன் அம்மா கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாள்! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். எங்கள் இல்லத்துக்காரர்கள்தான் அங்கே தொண்டு. வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது, சுக்குத் தண்ணீர் கொடுப்பது, பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வது. ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். உன் அம்மா அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "எனக்குச் சீல் வச்சுட்டாங்க" என்று சிரித்தாள். வருகிற வாரம் பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போகிறார்கள். துணைக்கு நான் போகிறேன், நீ கவலைப்படாதே.

எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்பாய். சீனியம்மாள் சொல்லித்தான். "ஏசம்மாக்கா, பேரப்பிள்ளைக மூஞ்சிய ஒரு தடவகூடப் பாக்காமப் போயிருவியளா? மூத்தவன் உங்க சாடையா, அவன் தாத்தா சாடையான்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், "முகாமுக்குப் பேரு குடு" என்றாள். நான் எழுதப்போனால் பேர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது! கொடுத்தது தங்கச்சாமி.

சீனியம்மாளைப் பிடித்து உலுக்கினேன். அந்த வார்த்தைகளும் அவளுடையவை இல்லையாம். இப்படிச் சொல், இப்படிக் கேள் என்று தங்கச்சாமிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "நீங்களே சொல்லுங்களேன்னு கேட்டேன். நான் சொன்னா எடுபடாதுன்னுட்டாரு" என்றாள்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தண்ணீர்ப் பந்தலில் அவர் லாரி இரைச்சலுக்கு நடுவே யாரோ லாரிக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது உன் அம்மாவைச் சத்தமில்லாமல் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். "தங்கச்சாமி, பானையில தண்ணி இருக்கா?" என்று கேட்டேன். மனிதர் உன் அம்மாவைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பதில் சொல்லாமல் பானையைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினார். லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். உன் அம்மா என்னிடம், "யாரு கிருபா, ஊமையா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? ஆமாம் என்றேன். "பாவம்" என்றாள்.

முகாமில் இன்னொன்று நடந்தது. உன் அம்மாவை உள்ளே சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்த நர்ஸ் இந்த அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னாலிருந்து தங்கச்சாமி, "வர்ற ஐப்பசிக்கு அறுபத்தஞ்சு. அடமழையில பொறந்தவ" என்றார். திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்குள் நழுவிவிட்டார்.

வயது யாரிடமாவது கேட்டுத் தெரிந்திருக்கலாம். மழை எப்படித் தெரியும்? அத்தோடு, "பொறந்தவ" என்றார், கவனி. இந்த இல்லத்தில் உன் அம்மாவை அவள், இவள் என்று சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

நாளை மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு பம்பு அறைக்குப் போய் நேருக்கு நேர் கேட்கப்போகிறேன். பால்துரை ஐயாவைக் கூப்பிட்டால் சமாதானம் பேசியே காரியத்தைக் கெடுத்துவிடுவார். உன் அம்மாவுக்காக ஜெபம் பண்ணு. எனக்காகவும்.

அன்புடன்,
கிருபாபாய் சித்தி.


9-6-1992

என் அருமை மகள் இன்பத்துக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை வேலைக்குப் போகாத நாளில், அவர் பக்கத்தில் இருக்கும்போது வாசி. பயப்படாதே, அம்மா நன்றாக இருக்கிறாள். இடது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பார்வை வந்துவிட்டது. கண் மங்கி இல்லத்துக்கு வந்த பிறகுதானே அவளுக்கு என்னைப் பழக்கம், என் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, "நீ இம்புட்டுக் கறுப்பா கிருபா? குரல வச்சுச் செவப்புன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். வார்டு முழுவதும் சிரித்தது.

உனக்கு இதற்குமுன் எழுதாததற்குக் காரணம் உண்டு. பம்பு அறையில் அந்த மனிதர் சொன்னதை நான் நம்பவில்லை. விசாரிக்காமல் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். இப்போது விசாரித்துவிட்டேன். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர் ஜேசுதாசன். தங்கச்சாமி என்பது, உன் அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுக்குமுன் அவருக்கு வீட்டில் இருந்த பெயர். இந்தப் பக்கம் ஊருக்குப் பத்துத் தங்கச்சாமி, அதனால்தான் அந்தப் பெயர் காதில் விழுந்தும் உன் அம்மாவுக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது.

நான் கதவை மறித்து நின்றுகொண்டு, நீர் யார், எங்கள் ஏசம்மாளிடம் உமக்கு என்ன வேலை என்று கேட்டேன். கயிறு பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "அவ என் பெண்சாதிம்மா" என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். அவள் புருஷன் கொழும்பில் இறந்து மண்ணாகி எவ்வளவோ காலமாகிறது என்றேன். "அப்படியா சொல்லியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, பின்னிய கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். "அது சரிதான். அவ சொன்னது சரிதான்" என்றார்.

கொழும்பில் கடை வேலைக்குப் போனவர் அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். வீட்டுக்குக் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார். எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் கடை எரிந்து, கப்பலேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் முகாமிலேயே இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. பிறகு சேத்தூரில் அக்காள் மகன் வீடு. அங்கே கோயிலுக்கு வந்த யாரோ, ஏசம்மாள் கண் தெரியாமல் இந்த இல்லத்தில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

"அவளுக்குக் கண் தொறக்கட்டும். பொறவு ஒரு நிமிசம் இருக்கமாட்டேன், போயிருவேன். அதுவரைக்கும் சொல்லிராதீங்கம்மா. சொன்னா, நான் எழுதிவச்ச பேருன்னு ஆஸ்பத்திரிக்கே போகமாட்டா" என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. உன் அம்மாவின் வீம்பு உனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் நம்பினேன் என்று நினைக்காதே. மதுரையிலிருந்து திரும்பிய கையோடு சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். அந்த அக்காள் மகன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் மனைவிதான் இருந்தாள். எல்லாம் உண்மை என்றாள். ஜேசுதாசன் என்ற பெயரும் உண்மை, கொழும்பும் உண்மை. எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "மாமா இனிமே அங்கனதான இருப்பாவ? திரும்பி வரமாட்டாவல்ல?" என்று கேட்டாள். அவள் கேட்ட தோரணையில் ஒரு அவசரம் இருந்தது. அந்தச் சின்ன வீட்டில் அவர் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது தையல் மெஷின் இருக்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மனிதர் செய்த பாவத்தை நினைத்து வந்தாரா, ஒதுங்க இடமில்லாமல் வந்தாரா? கண்ணைத் திறந்துவிட்டால் நன்றிக்காகவாவது ஏற்றுக்கொள்வாள் என்ற கணக்கா? எனக்குத் தெரியவில்லை இன்பம். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கக்கூடும் என்றும் தோன்றுகிறது. இன்றைக்கும் அவரை நான் முழுதாக நம்பவில்லை. உன்னிடம் பொய் சொல்லக்கூடாது.

இனி நடந்ததைக் கேள். நான் சேத்தூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் உன் அம்மாவுக்குக் கண்ணாடியை மாட்டி, வராந்தாவில் உட்காரவைத்தோம். எல்லாரும் வந்து, நான் யார் சொல்லுங்கள் என்று விளையாடினார்கள். குரல் காட்டினால்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சீனியம்மாள் பாயசம் வைத்திருந்தாள். அவர் மட்டும் வேப்பமரத்தடியில் குடத்தோடு நின்றார். கையில் துணிப்பை. சொன்னபடியே போகத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அப்போது இந்தச் சீனியம்மாள், ஒன்றும் தெரியாதவள், "உங்க பேர முகாமுக்குக் குடுத்தது அந்தா நிக்காரே, அவருதாங்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

உன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவள் பார்த்தது கருகருவென்று முடி வைத்த வாலிபனையல்லவா! "ஊமைப் பெரியவரா? ஐயா, நீங்க நல்லா இருக்கணும். எம்பேரப்பிள்ளைகளப் பாக்க வழி பண்ணுனீயளே" என்று எழுந்து நின்று கை கூப்பினாள்.

அவரால் அதைத் தாங்க முடியவில்லை. குடத்தைக் கீழே வைத்தார். "என்னக் கும்பிடாத ஏசம்மா" என்றார்.

உன் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னொரு தடவ பேசுங்க" என்றாள்.

"நான்தான். ஜேசுதாசன்" என்றார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. நான் எதிர்பார்த்த எதுவும் செய்யவில்லை. "நீங்க செத்துட்டீயன்னு எம்மவகிட்டச் சொல்லித்தான் வளத்தேன். இப்ப அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, யார் துணையும் இல்லாமல் அறைக்கு நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால்துரை ஐயாவுக்கு விஷயம் தெரிந்ததும், பெயரை மறைத்து வந்தவரை இனி வைத்திருக்க முடியாது என்று குதித்தார். அத்தனை நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்! உன் அம்மாவிடம் போய், "அவரைப் போகச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "நான் போகச் சொல்லல. இருக்கவும் சொல்லல. அப்பன் இல்லாம நின்னது எம்மவ. வந்து அவ சொல்லட்டும்" என்றாள். அதனால் அவர் இன்னும் பம்பு அறையில் இருக்கிறார். உன் அம்மா வராந்தாவுக்கு வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறார். நேற்று அவருக்குக் காய்ச்சல் என்று சீனியம்மாள் வந்து சொன்னாள். கட்டிலில் கிடந்த உன் அம்மா, "கஞ்சிக்கு உப்பு கம்மியாப் போடு. அதிகம் போட்டாக் குடிக்கமாட்டாவ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன்னிடம் பொய் சொல்லி வளர்த்துவிட்டோமே என்பதுதான் இப்போது அவளுக்குப் பெரிய துக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ கோபப்படுவாய் என்று பயப்படுகிறாள். அவள் வாயால் அதைச் சொல்லமாட்டாள். இந்தக் கடிதத்தில் உனக்கு என்ன எழுத என்று கேட்டேன். "இந்த வருசம் சப்பட்டை மாங்காய் நல்ல காய்ப்பு, பழம் தீருறதுக்குள்ள வரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அதை அப்படியே எழுதிவிட்டேன்.

மகளே, நீ வா. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்று எழுதாதே. மன்னிக்க வா என்று கூப்பிடவில்லை, சண்டை போட வேண்டுமென்றாலும் வா. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வா, அவளுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மனிதரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ரயிலில் வரும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வை. தாத்தா என்று சொல்லச் சொன்னாலும் சரி, அந்தப் பெரியவர் என்று சொல்லச் சொன்னாலும் சரி. அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைக் கேட்டு நாங்களும் இங்கே அப்படியே நடந்துகொள்கிறோம்.

கர்த்தர் உன் நாவிலும் உன் இருதயத்திலும் இருப்பாராக. வருகிற ரயிலை மட்டும் தந்தியில் தெரிவி. ஸ்டேஷனுக்கு உன் அம்மாவே வருகிறாளாம், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
கிருபாபாய் சித்தி.